குணவதி அக்காவின் நடை

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பதினான்கு பேராக இருந்தேன். அதில் எட்டுப் பேர் பெண்கள். இருவர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு மூக்கில் பிராணவாயுக் குழாய். எல்லோருமாகச் சேர்ந்து நாலரை கிலோமீட்டரை நாற்பத்தியோரு நிமிடத்தில் நடந்து முடித்தோம். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

என் முதுகுப்பையில் அமுதம் அடுக்ககத்தின் பதின்மூன்று கைப்பேசிகள் இருந்தன. என்னுடையது சட்டைப்பையில்.

இதைப் புரிந்துகொள்ள வழித்துணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முந்தைய பெரிய வெள்ளத்தில் சென்னையே ஒரே நேரத்தில் கிளம்பியது. கால்வாய்ச் சாலையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, தண்ணீர் வந்தபோதும் நின்றுகொண்டிருந்தன. வீட்டில் இறந்தவர்களைவிடக் காருக்குள் இறந்தவர்கள் அதிகம். அதற்குப் பிறகுதான் நகர வெளியேற்ற வாரியம் என்று ஒன்று பிறந்தது. வாரியம் வழித்துணை என்ற இயந்திர மூளையை எல்லோருடைய கைப்பேசியிலும் குடியேற்றியது. அதன் யோசனை எளிமையானது. யாரும் சேர்ந்து கிளம்பக் கூடாது. ஒவ்வொருவரும் எவ்வளவு வேகமாக நடப்பார்கள் என்று இயந்திரம் தெரிந்துவைத்துக்கொள்ளும். நடக்கவே முடியாதவர்களுக்கு வாசலுக்கு வண்டி. மெதுவாக நடப்பவர்களுக்கு முதல் அழைப்பு. வேகமாக நடப்பவர்களுக்குக் கடைசி அழைப்பு. சாலை எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் பார்த்தால் அழகான யோசனை. நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன், அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளச் சுவரில் மூன்று விதிகளை ஒட்டியிருந்தார்கள். அழைத்த பிறகே கிளம்பவும். உங்களுக்குச் சொன்ன வழியில் மட்டும் செல்லவும். யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

நடையை அளப்பதற்கு ஆண்டுக்கு நான்கு ஒத்திகை. நான்கில் மூன்றுக்காவது வர வேண்டும், வராத வீட்டுக்குத் தண்ணீர் லாரி முன்பதிவு திறக்காது. இந்த ஊரில் மே மாதம் குடிக்கத் தண்ணீர் கிடையாது, நவம்பரில் மூழ்கத் தண்ணீர் உண்டு. நவம்பருக்காக நடக்கச் சொன்னால் யாரும் நடக்க மாட்டார்கள், மே மாதத்தைக் காட்டினால் நடப்பார்கள் என்று வாரியத்துக்குத் தெரிந்திருந்தது. ஆள் போக வேண்டியதில்லை, கைப்பேசி போனால் போதும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரியில் எனக்கு இந்தத் துறையில் நல்ல பெயர். ஆறு பேருக்கு ஆறு குரலில் ஆஜர் சொல்வேன். பிராக்ஸி இளம்பரிதி என்றால் சிவில் துறை வரை தெரியும். ஒருமுறை ஆறாவது ஆளுக்கும் சொல்லி முடித்த களைப்பில் எனக்குச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வகுப்புக்கு வராதவன் ஆனேன்.

அடுக்ககத்தில் நான் மொட்டை மாடி ஒற்றை அறை. குணவதி அக்கா கீழ்த்தளம், தனிக்கட்டை. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக நின்றே முட்டி இரண்டும் தேய்ந்துபோனவர். வாசலில் இருந்து தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போக இரண்டு இடத்தில் உட்காருவார். நடக்க முடியாதவர் என்று வாரியத்தில் பதிந்துகொண்டால் வாசலுக்கு வண்டி வருமே என்று கேட்டேன். போனாராம். நடக்க முடியாது என்பதை நிரூபிக்க, வாரிய அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு நேரில் வர வேண்டும். லிஃப்ட் பழுது. முதல் மாடி வரை ஏறிவிட்டு, படியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"மூணாவது மாடி ஏறிட்டேன்னா அப்புறம் எதுக்குடா எனக்கு வண்டி? அவனே கேப்பான்," என்றார்.

இரண்டாம் மாடி ஹமீது பாய் அவ்வளவு தூரம்கூட முயலவில்லை. மரவாடியில் முப்பது வருடம் தூசி குடித்த நுரையீரல் அவருக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்று நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். மகள் வாணியம்பாடியில்.

அதனால் பிப்ரவரியில் நான்தான் சொன்னேன். குடுங்க அக்கா, நான் நடக்கப்போறேன், உங்க ஃபோனும் கூட வந்தா எனக்கென்ன கனமா. அக்கா கொடுத்தார். பாயிடமும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். மற்ற வீடுகளுக்குச் செய்தி எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை, படி இறங்குவதற்குள் பை நிறைந்துவிட்டது. மற்ற வீட்டுக்காரர்களுக்குக் காலில் ஒரு கோளாறும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்பதுதான் அவர்களுடைய கோளாறு.

பிப்ரவரி, ஏப்ரல், ஜூலை. மூன்று தடவையும் எங்கள் தெருவிலிருந்து ஏழாம் வழியில், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, மேட்டில் இருக்கும் விளையாட்டு அரங்கம் வரை நடந்தேன். வாசலில் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக நன்றி சொல்லும். வழித்துணைக்குப் பெண் குரல். கடன் தர மறுக்கும்போது வங்கியிலிருந்து பேசுவார்களே, அந்த மாதிரி ஒரு மரியாதை. பங்கேற்புக்கு நன்றி ஹமீது, உங்கள் நடை சிறப்பாக உள்ளது என்று அது சொன்னதைத் திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். அவர் சிரிக்கப்போய் இருமல் வந்து, குழாயைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆயிற்று.

கூலியாக அக்கா வீட்டில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு. தட்டில் மீனைப் போட்டுக்கொண்டே பேருந்துக் கதைகள் சொல்வார். கடைசி ஆள் படியில் கால் வைக்கும் வரை விசில் ஊதியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அதற்காக டிரைவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறார். காலி சீட்டோடு வண்டி எடுப்பதும் பாவம், ஆளை விட்டுவிட்டு எடுப்பதும் பாவம் என்பார். யாருக்காகவும் நிற்க வேண்டாம் என்ற விதியைக் காட்டி, இதை எழுதினவன் பஸ்ஸே ஏறினதில்ல போல என்றார்.

செப்டம்பரில் நான்காவது ஒத்திகை. பதின்மூன்று பேருக்கும் ஏற்கெனவே மூன்று முடிந்திருந்தது. குறைந்தது என்னுடையதுதான். ஏப்ரலில் என் கைப்பேசியின் திரை உடைந்து கடையில் இருந்தது. ஊருக்கெல்லாம் ஆஜர் போட்டவனுக்கு இரண்டுதான். அன்றைக்கே காலை எனக்கு அரியர் தேர்வு, அதுவும் தெர்மோடைனமிக்ஸ்.

நான் புலம்பிக்கொண்டு படியிறங்கியதை அக்கா கேட்டார். கையை நீட்டினார்.

"குடு. நான் போறேன்."

"முட்டிய வெச்சுக்கிட்டா?"

"மூணு தடவை எனக்கு நடந்தியே, ஒரு தடவை உனக்கு நான் நடக்கக் கூடாதா? பொறுமையாப் போறேன். எவன் துரத்துறான்?"

தன் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சாக் கணக்கு இடிக்கும் என்றார். நான் தேர்வு எழுதப் போனேன். மாலையில் வந்தபோது அக்கா காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆஜர் போட்டாச்சு என்று கைப்பேசியை நீட்டினார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. தேர்வில் வந்த ஆறாவது கேள்வியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் பதினெட்டாம் தேதி, நான்கு நாள் மழைக்குப் பிறகு, மேற்கே ஏரிக்கரை உடையப்போகிறது என்ற செய்தி வந்தது. காலை பதினொரு மணிக்கு ஊரில் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் கத்தின. பிறகு அமைதியாயின. பிறகு என்னுடையது மட்டும் பேசியது.

"இளம்பரிதி, பதற்றம் வேண்டாம். இருந்த இடத்திலேயே இருங்கள். உங்களுக்கான வண்டி வந்துகொண்டிருக்கிறது."

நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். வாசலில் ஒரு வேன். நீல உடுப்பில் இரண்டு தொண்டர்கள் தூக்குப்படுக்கையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடக்க முடியாத இளம்பரிதி எந்த மாடி என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். ஒருவர் என் கால்களைப் பார்த்தார், தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார், திரையை நம்பினார்.

"உக்காருங்க சார், நாங்க தூக்கிக்கிறோம்."

அக்கா தன் வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இயந்திரத்துக்குப் புத்தி பிசகிவிட்டது, நாளைக்குக் கல்லூரியில் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்றுதான் நினைத்தேன். என் இடத்தில் அக்காவை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். தொண்டர் மறுத்தார். இடம் மாற்றக் கூடாது, பெரிய வெள்ளத்தில் அதில்தான் அடிதடியே வந்தது, பட்டியலில் இருக்கும் பெயர்தான் ஏற வேண்டும்.

"நான் ஏறலன்னா?"

"சீட் காலியாப் போகும் சார். அவ்ளோதான்."

அது அக்கா காதில் விழுந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வேன் வரை வந்தார்.

"ஏறுடா. காலி சீட்டோட வண்டி எடுக்கக் கூடாது."

"நீங்க?"

"என் ஃபோன் கூப்பிடும். வரேன் போ."

ஏறினேன். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கும், கால் இல்லாத பெரியவர் ஒருவருக்கும் நடுவில் எனக்கு இடம். அக்கா வேனின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். போலாம் ரைட் என்றார்.

அரங்கத்துக்குப் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மெதுவாக நடப்பவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். முதியவர்கள், குழந்தையைத் தூக்கிய தாய்மார்கள், ஊன்றுகோல்கள். அமுதம் அடுக்ககத்திலிருந்து ஒருவரும் இல்லை. பன்னிரண்டரைக்கு அக்காவை அழைத்தேன். அவருடைய கைப்பேசியும் பேசிவிட்டதாம். குணவதி, நீங்கள் விரைவாக நடப்பவர், உங்கள் நேரம் இரண்டு இருபது, அதுவரை வீட்டிலேயே காத்திருக்கவும். அடுக்ககத்தில் எல்லோருக்கும் இரண்டு இருபதுதான்.

அதைவிட மோசமான செய்தி ஒன்றும் சொன்னார். மின்சாரம் போய்விட்டது. பாயின் இயந்திரம் நின்றுவிட்டது. சின்ன சிலிண்டர் ஒன்று இருக்கிறது, மாலை வரை தாங்கும், அதற்குள் மின்சாரம் இருக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும். அவசர எண்ணுக்கு அழைத்திருக்கிறார். ஹமீது நல்ல உடல்நலத்துடன் இருப்பதாகவும், அவரும் இரண்டு இருபதுக்கு நடந்து வரலாம் என்றும் அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. மற்றவர்கள் கொஞ்ச நேரம் கைப்பேசியைப் பார்த்தார்கள், பிறகு தண்ணீர்க் குடங்களோடு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். அவர்கள் ஒரு நாள் முழுக்க நனைந்தார்கள், மறுநாள் இறங்கினார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு அவ்வளவுதான் பங்கு.

பாயை மொட்டை மாடியில் வைத்துக் காப்பாற்ற முடியாது. தண்ணீர் கேன் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி, அதில் பாயை உட்காரவைத்து, சிலிண்டரை அவர் மடியில் கொடுத்திருந்தார் அக்கா. மாடியிலிருந்து அவரை இறக்கவே ஒரு மணி நேரம். இரண்டு இருபதுவரை காத்திருக்காமல் கிளம்பியும்விட்டார்கள். ஒன்றரைக்கு நான் மறுபடி அழைத்தபோது, தெருமுனையில் கயிறு கட்டித் தொண்டர்கள் நிறுத்திவிட்டார்கள் என்றார். ஏழாம் வழி இன்னும் திறக்கவில்லை, உங்களுக்கு நேரம் இருக்கிறது, நீங்கள் வேகமாக நடப்பவர்கள்.

நான் அரங்கத்தின் உதவி மேசைக்கு ஓடினேன். ஆம், நடக்க முடியாதவன் ஓடினேன். கீழே இரண்டு பேர் கயிற்றில் நிற்கிறார்கள், அவர்களால் நடக்க முடியாது, விடச் சொல்லுங்கள், வண்டி அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். மேசையில் இருந்தவர் பெயர் கேட்டார். திரையில் தேடினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நாலரை கிலோமீட்டர், நாப்பத்தியோரு நிமிஷம். மூணு தடவை. நானே இப்டி நடக்க மாட்டேன் தம்பி."

அது என் நாற்பத்தியோரு நிமிடம். நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். போலிப் பங்கேற்பு குற்றம், அடுக்ககத்துக்கே தண்ணீர் நிற்கும், கல்லூரிக்குக் கடிதம் போகும். முட்டி வலி என்றேன். வயதானவர் என்றேன். மூச்சுக் கோளாறு என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் திரையைப் பார்த்து, பதிவில் இல்லை என்றார். பின்னால் வரிசை நீண்டது. நான் நகர்ந்து நின்றேன். பிறகு திரும்பி வந்தேன். அந்தக் கைப்பேசிகளை நான் பையில் போட்டு நடந்தேன் என்று சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. மேசைக்கு மேலே கடிகாரம் இருந்தது, அதனால் சரியாகத் தெரியும்.

அவர் கோபப்படவில்லை. தட்டச்சு செய்து பார்த்தார். நடை வேகத்தைத் திருத்த சம்பந்தப்பட்டவர் மீண்டும் ஒருமுறை நடந்து காட்ட வேண்டும் என்று இயந்திரம் பதில் சொன்னது. அவரே எழுந்துபோய் யாரிடமோ பேசினார். கயிற்றை அவிழ்த்தபோது ஒன்று ஐம்பத்தைந்து. அந்தப் பத்து நிமிடம் இருந்திருந்தால் ஒன்று நாற்பத்தைந்து. தண்ணீர் பாலத்தைத் தொட்டது மூன்று மணிக்கு.

மீதியை ஹமீது பாய் சொல்லித்தான் தெரியும்.

அக்கா வண்டியைத் தள்ளவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார் என்றார் பாய். நின்று நின்று போனார்கள். நின்ற ஒவ்வொரு இடத்திலும், இதோ அடுத்த ஸ்டாப், அடுத்த ஸ்டாப் என்று சொன்னாராம். பாலத்துக்குப் போனபோது முழங்கால் அளவு தண்ணீர். ஒரு டிராக்டர் வந்தது. பெட்டியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு ஆளுக்குத்தான் இடம். அக்காவுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவரும் டிராக்டர்காரரும் பாயைத் தூக்கி ஏற்றினார்கள்.

பாயின் கைப்பேசி நனைந்து அணைந்திருந்தது. கைப்பேசியைக் காட்டாமல் அரங்கத்துக்குள் யாரையும் விடுவதில்லை. அது நினைவுக்கு வந்து, அக்கா தன்னுடையதை எடுத்துப் பாயின் சட்டைப்பையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் உறையைச் சுற்றிவிட்டார்.

"என் பேர்ல உள்ள போங்க பாய். நான் அடுத்த வண்டில வரேன்."

டிராக்டரின் தகரத்தில் இரண்டு முறை தட்டினாராம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது, பாலத்துக்கு இந்தப் பக்கம் பேருந்து நிழற்குடையின் கீழே அக்காவைக் கண்டெடுத்தார்கள். நான்தான் போய் அடையாளம் சொன்னேன். அதை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து வாரிய அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் இன்னும் பழுது. முதல் மாடியில், அக்கா உட்கார்ந்திருக்கக்கூடிய படி எது என்று பார்த்துவிட்டு ஏறினேன். அருள்செல்வி என்ற அதிகாரி உட்காரச் சொன்னார். பல நாள் தூங்காத கண்கள். நான் இரண்டு காரியங்களுக்காக வந்திருந்தேன். குணவதி இறந்துவிட்டார் என்று பதிவு செய்ய வேண்டும். எனக்கு ஏன் வண்டி வந்தது என்று தெரிய வேண்டும்.

இரண்டாவது எளிதாக இருந்தது. அவர் என் பதிவைத் திறந்தார்.

"பாருங்க. பிப்ரவரி நாப்பத்தியொண்ணு, ஜூலை நாப்பத்தியொண்ணு. செப்டம்பர்ல ரெண்டு மணி அம்பது நிமிஷம். வண்டி கிண்டி மோதி உங்களுக்குக் கால் போயிடுச்சுன்னு சிஸ்டம் நினைச்சுக்கிச்சு. கடைசியா எப்டி நடந்தீங்களோ, அதுதான் நீங்க. அதுக்கு அவ்ளோதான் தெரியும்."

திரையில் ஒரு நீலக்கோடு. எங்கள் வாசலிலிருந்து அரங்கம் வரை. நடுநடுவே ஒன்பது புள்ளிகள். நின்ற இடங்கள். பெட்டிக்கடை பெஞ்சு. மின்வாரியப் பெட்டியின் மேடை. கரும்புச்சாறு கடை, அங்கே பதினெட்டு நிமிடம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிழற்குடை, இருபத்திரண்டு நிமிடம். அக்கா எந்த இடத்தில் எத்தனை நிமிடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார் என்று இயந்திரத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. என்ன, என் பெயரில் தெரிந்திருந்தது. நீல உடுப்புத் தொண்டர்கள் தூக்குப்படுக்கையோடு வந்தது அவருக்காகத்தான். சரியான வாசலுக்கு, சரியான நேரத்தில் வந்திருந்தார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பை, பதின்மூன்று கைப்பேசிகள், மீன் குழம்பு உட்பட. அருள்செல்வி நிறுத்தாமல் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இந்த வார்டுல ஒத்திகைக்கு வந்தவங்க தொண்ணூத்தெட்டு சதவீதம். போன வருஷம் எங்களுக்கு விருது குடுத்தாங்க. சராசரி வேகம் பாத்தீங்கன்னா, ஊர்ல எல்லாருக்கும் இருபது வயசு. நீங்க ஒருத்தர்தான் பை மாட்டிக்கிட்டு நடந்தீங்கன்னு நினைச்சீங்களா?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என்ன ஆகும் என்று கேட்டேன். விருதைத் திருப்பிக் கொடுக்க யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார்.

முதல் காரியம் நடக்கவில்லை. குணவதி பதினெட்டாம் தேதி மாலை மூன்று நாற்பதுக்கு அரங்கத்துக்குப் பாதுகாப்பாக வந்து சேர்ந்திருக்கிறார். வாசலில் கைப்பேசி காட்டியிருக்கிறார். இரவு உணவு வாங்கியிருக்கிறார். பிராணவாயுகூடக் கொடுத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்தவர் பாலத்தருகே இறந்திருக்க முடியாது. ஹமீதுதான் வரவில்லை. நல்ல உடல்நலத்துடன் இருந்தும், விரைவாக நடப்பவராக இருந்தும், உரிய நேரத்தில் கிளம்பாததால் காணாமல் போனவர். உயிரோடுதான் இருக்கிறார் என்றேன். அப்படியென்றால் அவரை ஒருமுறை இங்கே நேரில் வரச் சொல்லுங்கள் என்றார் அருள்செல்வி. சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்தது போல, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதைப் பாயிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மகள் வாணியம்பாடிக்கு அழைத்துப் போக வந்திருந்தாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் செத்தவனாவே இருந்துக்கறேன் தம்பி. அந்தம்மா பேராவது உசிரோட இருக்கட்டும்," என்றார். தலையணைக்கடியிலிருந்து அக்காவின் கைப்பேசியை எடுத்து என் கையில் வைத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

என் கடிதத்துக்கு ஜனவரியில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு மறுபடியும் ஒத்திகை. முந்தைய நாளே இரண்டு வீடுகளிலிருந்து கைப்பேசியை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. அவர்கள் என்மேல் வருத்தப்பட்டார்கள், பிறகு அடுத்த தெருவில் ஒரு பாலிடெக்னிக் மாணவரைப் பிடித்துவிட்டார்கள். காலையில் அவர் பையோடு என்னைத் தாண்டிப் போனார். நல்ல வேகம்.

என் கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டேன். ஒரு ஆளுக்கு இரண்டு டிக்கெட் கிழித்தால் கணக்கு இடிக்கும். அக்காவின் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பூட்டியிருந்த அவர் வீட்டு வாசல்படியிலிருந்து கிளம்பினேன்.

மெதுவாக நடப்பது எளிதல்ல. இருபது வயதுக் கால் தானாகவே முந்திக்கொள்கிறது. அதை ஒவ்வோர் அடிக்கும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மின்வாரிய மேடையில் உட்கார்ந்தேன். கரும்புச்சாறு கடையில் பதினெட்டு நிமிடம். கடைக்காரர், போன செப்டம்பரில் ஒரு அம்மா இங்கேயே உட்கார்ந்து, மாடியில் இருக்கும் பையனுக்கு இன்றைக்குப் பரீட்சை, அவனுக்காக நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்றார். இரண்டாவது தம்ளருக்கும் இஞ்சி கூடப் போடச் சொல்லிக் கேட்டதாம். நான் என் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிழற்குடையில் இருபத்திரண்டு நிமிடம் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். அங்கே சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, சேற்றுக்கோடு இன்னும் இருந்தது.

அரங்க வாசலை அடைந்தபோது சட்டைப்பைக்குள்ளிருந்து அந்தக் குரல் பேசியது.

"வணக்கம் குணவதி. பங்கேற்புக்கு நன்றி. இரண்டு மணி ஐம்பது நிமிடம். உங்கள் நடையில் மாற்றம் தெரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களைத்தான் முதலில் அழைப்போம். வண்டி உங்கள் வாசலுக்கே வரும். நீங்கள் யாருக்காகவும் நிற்க வேண்டாம்."

சட்டைப்பையின் மேல் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன்.